திராட்சை மலையின் அம்மையார்
அந்தோணியா ஃபெரேராவின் வாழ்க்கை

எண்ணெய் பீப்பாய், தார் பீப்பாய் என்று சொல்லாதவர் நம் ஊரில் இல்லை. ஆனால், பீப்பாய் தமிழ்ச் சொல் அல்ல. போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவையும் அவர்கள் தந்த சொற்களே. கோட்டாற்றில் கோயில் கொண்டிருக்கும் சவேரியார், 1541-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதும் போர்த்துக்கலின் தலைநகரமான லிஸ்பனில் இருந்துதான்.

அந்த நாட்டின் வடபகுதியில் டூரோ என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் பீப்பாய் என்பது வெறும் பாத்திரம் அல்ல. அது ஓர் அளவு. ஒரு பீப்பாய் சுமார் 550 லிட்டர். நாஞ்சில் நாட்டில் வயலை இத்தனை கோட்டை விதைப்பாடு என்று சொல்வதுபோல, அங்கே ஒரு தோட்டத்தை இத்தனை பீப்பாய்த் தோட்டம் என்று மதிப்பிடுவார்கள்.

பீப்பாயில் என்ன? திராட்சை மது!

அந்த மலைநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஆண்டவர் ஒரு பெண். முப்பத்து மூன்று வயதில் விதவையானவர். அவர் பெயர் அந்தோணியா அடெலைடு ஃபெரேரா.

பிறப்பும் மணமும்

1811-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. டூரோ ஆற்றங்கரையில் ரெகுவா என்ற ஊரை அடுத்த கொதிம் கிராமத்தில் அந்தோணியா பிறந்தார். நம் பக்கத்தில் வேலுத்தம்பி தளவாய் உயிர் துறந்து அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஐரோப்பாவில் நெப்போலியனின் படைகள் போர்த்துக்கலை விட்டுப் பின்வாங்கியது அந்த ஆண்டில்தான்.

ஃபெரேரா குடும்பம் பரம்பரையாகத் திராட்சை பயிரிட்ட குடும்பம். 1751 முதல் மது வியாபாரமும் செய்து வந்தது. செல்வத்துக்குக் குறைவில்லை.

1834-ல் அந்தோணியாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வேறு யாருமல்ல, தந்தையின் உடன்பிறந்தவருடைய மகன். நம் ஊரில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அண்ணன் தம்பி முறை. கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால், அந்த நாட்டுப் பெரிய குடும்பங்களில் இது வழக்கம்தான். சொத்து வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

கணவனுக்குத் தோட்டத்தில் மனம் இல்லை. பட்டணத்து வாழ்க்கையில் மோகம். கை நீளம். ஆடம்பரமாகச் செலவு செய்தான். 1844-ல் இறந்தும் போனான். ஒரு மகனும் ஒரு மகளும் தாயின் கையில் மிஞ்சினார்கள்.

அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். இங்கே வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி நடந்தது. கணவன் கண்ணை மூடினால் சொத்து அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்குக் கிடைப்பது சிறு உரிமைதான். கவிமணி இதைக் கண்டு நொந்து மான்மியம் பாடினார். 1926-ல் சட்டம் வந்த பிறகுதான் அந்த வழக்கம் ஒழிந்தது. அந்தோணியாவின் நிலை வேறு. அவர் பிறந்ததும் ஃபெரேரா குடும்பம். வாழ்க்கைப்பட்டதும் ஃபெரேரா குடும்பம். தோட்டச் சாவி அவர் கைக்கு வந்தது. அவரும் அதை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

கல்லிலே முளைக்கும் கொடி

டூரோ மலை நாஞ்சில் நாட்டு வயல்போலப் பச்சைப் பசேல் என்று இராது. அது பாறை மலை. தட்டுத் தட்டாக உடையும் கல். கோடையில் வெயில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும். பனிக்காலத்தில் குளிர் எலும்பைத் துளைக்கும். அந்தக் கல்லைக் கடப்பாரையால் உடைத்து, அதே கல்லால் சுவர் எழுப்பி, மலையைப் படிக்கட்டு படிக்கட்டாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் திராட்சைக் கொடி நடுவார்கள். எத்தனை தலைமுறைக் கூலியாட்களின் முதுகு அதில் வளைந்ததோ!

இன்ன எல்லைக்குள் விளைந்த திராட்சைதான் உயர்ந்த மதுவுக்கு ஆகும் என்று 1756-லேயே அந்த நாட்டு அரசாங்கம் சட்டம் போட்டது. எல்லையும் வகுத்தது.

பழம் செப்டம்பர் மாதத்தில் முற்றும். பறித்த பழத்தைக் கருங்கல் தொட்டியில் கொட்டி, ஆட்கள் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். தொடைவரை சாறு ஏறும். விடிய விடிய மிதிப்பதும் உண்டு.

அதன் பிறகு நடப்பதை நம் பனையேறிகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் அதே நீர் புளித்துக் கள்ளாகும். திராட்சைச் சாறும் தானே புளிக்கும். டூரோக்காரர் பாதி புளிக்கும்வரை காத்திருந்து, சுமார் நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு பிராந்தி ஊற்றிவிடுவார்கள். உடனே புளிப்பு நிற்கும். மிச்சமுள்ள இனிப்பு அப்படியே தங்கிவிடும். இதுதான் போர்ட் ஒயின். நீண்ட கடற்பயணத்திலும் கெடாது. இங்கிலாந்துப் பிரபுக்கள் இதற்கு அடிமை.

பீப்பாய்களை அடிதட்டையான படகில் ஏற்றி ஆற்றோடு விடுவார்கள். கடல் முகத்தில் போர்ட்டோ நகரம். அதன் எதிர்க்கரையில் உள்ள கிடங்குகளில் மது வருஷக்கணக்கில் முதிரும். பிறகு கப்பல் ஏறும்.

இந்தத் தொழிலின் அத்தனை நெளிவு சுளிவையும் அந்தோணியா கற்றுக்கொண்டார். தோட்டம் தோட்டமாகப் போனார். கணக்கைத் தாமே பார்த்தார்.

பிரபுவின் கண் மகள் மேல்

பணம் உள்ள விதவை. அவருக்கு ஒரே மகள். கேட்க வேண்டுமா?

சல்தான்யா பிரபு என்பவர் அப்போது போர்த்துக்கலின் பிரதம மந்திரி. படைத் தலைவரும் அவரே. அரசாங்கமே அவர் கைக்குள் இருந்தது. தம் மகனுக்கு அந்தோணியாவின் மகளைக் கட்டிவைக்க அவர் ஆசைப்பட்டார். மரியா என்ற அந்தச் சிறுமிக்கு வயது பதினொன்று!

அந்தோணியா சம்மதிக்கவில்லை. பெண் வளரட்டும், அவள் மனதுக்குப் பிடித்தவனைக் கட்டட்டும் என்பது அவர் எண்ணம். பிரபு விடுவாரா? பெண்ணைத் தூக்கிப் போகவே ஆட்கள் வந்ததாகச் சொல்வார்கள். 1854-ல் ஒரு நாள் தாயும் மகளும் மாயமானார்கள். குடியானவப் பெண்களைப்போல உடுத்திக்கொண்டு, மலைப்பாதையில் எல்லை தாண்டி ஸ்பெயினுக்குள் புகுந்து, அங்கிருந்து லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

பிரதம மந்திரியைப் பகைத்துக்கொண்டு, தோட்டங்களையும் கிடங்குகளையும் விட்டுவிட்டு, பாஷை தெரியாத ஊருக்கு ஓடுவது என்றால் சாதாரணமா? அந்தச் சொத்து திரும்பக் கிடைக்கும் என்பதற்கு அப்போது யார் உத்தரவாதம்? மகளா, சொத்தா என்று வந்தபோது அவர் மகளைத் தேர்ந்தார்.

தோட்டக் காரியங்களைக் கவனித்து வந்தவர் பிரான்சிஸ்கோ டோரெஸ். நம்பிக்கையானவர். 1856-ல் அந்தோணியா அவரை மறுமணம் செய்துகொண்டார். சொந்த ஊர் திரும்பினார். மகள் மரியாவும் பின்னாளில் வேறொரு பிரபு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள்.

படகு கவிழ்ந்தது

1861-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி.

அந்தோணியாவின் தோட்டங்களில் பெரியது வெசூவியோ. அங்கே விருந்து முடிந்து, எல்லோரும் படகில் ஏறி ஆற்றோடு கீழே வந்தார்கள். கூட வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஃபாரஸ்டர். ஆங்கிலேயர். மது வியாபாரி. டூரோ ஆற்றுக்கு முதன்முதல் நுட்பமாகப் படம் வரைந்தவர். அந்த ஆற்றின் வளைவு, பாறை, சுழி எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

வலேரா என்ற இடத்தில் ஆறு இரண்டு மலைகளுக்கு நடுவே நெருங்கிப் பாயும். முன்பு அங்கே பாறை குறுக்கே நின்று படகையே தடுத்தது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெடிவைத்து வழி செய்தார்கள். என்றாலும் நீரின் வேகம் தணியவில்லை.

படகு சுழலில் சிக்கியது. தடுமாறியது. கவிழ்ந்தது!

ஃபாரஸ்டர் மூழ்கினார். ஆற்றைப் படமாக வரைந்தவரை ஆறே கொண்டுபோய்விட்டது. அவர் இடுப்பில் தங்க நாணயம் நிறைந்த பை கட்டியிருந்தார் என்றும், அந்தக் கனமே அவரை அமிழ்த்தியது என்றும் அந்த ஊரார் சொல்வார்கள். உடல் கிடைக்கவே இல்லை.

அந்தோணியா தப்பினார். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் வளையம் வைத்துத் தைத்த, கூடாரம்போல விரிந்த பாவாடை உடுத்துவார்கள். அதற்குள் காற்று நிறைந்து, அவரைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டதாம். கரையில் ஒதுங்கினார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

ஊரார் மதுவை வாங்கினார்

திராட்சைக்கு ஏற்கெனவே கஷ்டகாலம் தொடங்கியிருந்தது. 1850-க்குப் பிறகு சாம்பல் பூத்ததுபோல ஒரு நோய் கொடியில் படர்ந்தது. கந்தகத் தூளைத் தூவி அதை அடக்கினார்கள். பின்னால் வந்ததுதான் எமன்.

அது ஒரு பூச்சி. பேனைவிடச் சிறியது. அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது. வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். மேலே பார்த்தால் இலை வாடும். தோண்டிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும். 1860-களில் பிரான்சில் தொடங்கி, தேசம் தேசமாகத் தோட்டங்களைக் கொன்றது. டூரோவையும் விடவில்லை.

இதற்கிடையில் 1868-ல் விசித்திரமாக ஒன்று நடந்தது. அமோக விளைச்சல்! மது மலைபோலக் குவிந்தது. விலை தரையில் விழுந்தது. வாங்க ஆளில்லை. சிறு குடியானவர்கள் கலங்கினார்கள். நெல் அறுத்த நேரத்தில் விலை இறங்கினால் நம் விவசாயி படும் பாடுதான் அங்கேயும்.

அந்தோணியா வாங்கினார். தம் தோட்டத்து மது போதாதென்று ஊரார் மதுவையும் வாங்கிக் கிடங்கில் அடுக்கினார். விலை மேலும் இறங்கியிருந்தால் குடும்பமே முழுகியிருக்கும். ஆனால், பூச்சி தன் வேலையைக் காட்டியது. விளைச்சல் குறைந்தது. மது கிடைக்காமல் வியாபாரிகள் அலைந்தார்கள். அடுக்கிவைத்த பீப்பாய்கள் நல்ல விலைக்குப் போயின.

இது தருமமா, வியாபாரமா? இரண்டும்தான். பூச்சி அரித்த தோட்டங்களைப் பலர் கைவிட்டபோது அவற்றை வாங்கிச் சேர்த்ததும் அதே அந்தோணியாதான். விற்றவன் வாங்கியவரைப் பற்றி என்ன நினைத்தானோ! ஒன்று மட்டும் நிச்சயம். வாங்கிய நிலத்தை அவர் தரிசாகப் போடவில்லை. மீண்டும் நட்டார். வேலையில்லாமல் தவித்த ஆட்களுக்கு அங்கே கூலி கிடைத்தது.

பூச்சிக்கு மருந்து எது தெரியுமா? அது வந்த இடத்திலேயே இருந்தது. அமெரிக்கத் திராட்சையின் வேரைப் பூச்சி கடித்தாலும் அது சாவதில்லை. ஆகவே அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். நம் ஊர் ஒட்டு மாங்கன்று மாதிரி. கீழே ஒரு நாடு, மேலே ஒரு நாடு! உலகத்துத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்றும் அப்படித்தான் நிற்கின்றன.

ஆஸ்பத்திரிகளுக்கு அவர் கொடுத்தார். ஏழைகளுக்குக் கொடுத்தார். ஜனங்கள் அவரைக் குடும்பப் பெயரைச் செல்லமாகச் சுருக்கி ஃபெரேரின்யா என்று அழைத்தார்கள். சின்ன ஃபெரேரா என்று பொருள். பெரிய சொத்துக்காரிக்கு ஊர் இட்ட பெயர் சின்ன ஃபெரேரா!

அறுபத்தாறு வயதில் புதுத் தோட்டம்

1877-ல் ஒரு செய்தி ஊரைத் திகைக்கவைத்தது. ஆற்றின் மேல்பகுதியில், வலேராப் பாறைக்கும் அப்பால், ஸ்பெயின் எல்லையை நெருங்கிய இடத்தில் சுமார் 300 ஹெக்டேர் நிலம் ஏலத்துக்கு வந்தது. நம் கணக்கில் 700 ஏக்கருக்கு மேல். நகரசபைக்குச் சொந்தமான புறம்போக்கு. புதரும் கல்லும்தான். கொடி ஒன்றுகூட இல்லை. அதை அந்தோணியா எடுத்தார்.

அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. பேரன் பேத்தி எடுத்துவிட்டார். பூச்சியோ இன்னும் ஒழியவில்லை. அந்த நிலத்துப் பழம் கடைசியில் கிடங்குக்குப் போவதற்கு நண்பரை விழுங்கிய அந்தச் சுழலைக் கடந்தாக வேண்டும். ஆனால், ரயில் வந்துகொண்டிருந்தது. 1879-ல் ரெகுவாவை எட்டிய தண்டவாளம், 1887-ல் புதுத் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள பொசின்யோவுக்கு வந்துவிட்டது. பீப்பாய்க்கு இனி ஆற்றுப் பயம் இல்லை.

1880-ல் இரண்டாவது கணவர் டோரெஸும் காலமானார். அந்தோணியா வேலையை நிறுத்தவில்லை. புதர் அழித்து, கல் உடைத்து, கொடி நட்டு, வீடும் கிடங்கும் கருங்கல் தொட்டிகளும் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தோட்டத்தின் பெயர் வால்லே மியாவ்ம். அவர் வாங்கிய மற்றத் தோட்டங்கள் பிறர் நட்டவை. இது மட்டும் கட்டாந்தரையிலிருந்து அவரே எழுப்பியது.

1896-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி, ரெகுவாவில் தம் வீட்டில் அந்தோணியா அம்மையார் காலமானார். வயது எண்பத்து நான்கு. புதுத் தோட்டத்தின் முதிர்ந்த விளைச்சலை அவர் அதிக நாள் பார்க்கவில்லை.

ஐஸ் கட்டியும் சிவப்பு ஒயினும்

அவர் இறந்து 56 ஆண்டு கழித்து அந்தத் தோட்டத்தில் ஒரு புதுமை பிறந்தது.

ஃபெரேரா கம்பெனியில் வேலை பார்த்த பெர்னாந்து நிக்கொலாவ் டி அல்மேய்தா என்பவருக்கு ஒரு யோசனை. பிராந்தி சேர்க்காமல், திராட்சையை முழுக்கப் புளிக்கவிட்டு, உயர்ந்த சிவப்பு ஒயின் செய்தால் என்ன? டூரோவில் அதுவரை அப்படிப்பட்ட ஒயினை யாரும் பெரிதாக மதித்ததில்லை. பிராந்தி சேராத ஒயின் குடியானவன் வீட்டுக் குடிப்பு என்று நினைத்தார்கள்.

தடை என்ன தெரியுமா? வெப்பம்! சாறு புளிக்கும்போது சூடேறும். வெயிலும் சேர்ந்தால் ஒயின் கெட்டுப்போகும். தோட்டத்தில் அப்போது மின்சாரம் இல்லை. அல்மேய்தா, போர்ட்டோ பக்கத்திலிருந்து ஐஸ் கட்டிகளை மரத்தூளில் பொதிந்து லாரியில் வரவழைத்தார். கரடுமுரடான மலைப்பாதை. வந்து சேர்ந்த ஐஸால் தொட்டிகளைக் குளிரவைத்தார்.

1952-ல் அந்த ஒயின் உருவாயிற்று. அதற்கு பார்க்கா வெல்யா என்று பெயர் வைத்தார்கள். பழைய படகு என்று பொருள். எல்லா ஆண்டும் அதைச் செய்வதில்லை. மிகச் சிறந்தது என்று தோன்றிய ஆண்டில் மட்டும்தான் அந்தப் பெயரை ஒட்டுவார்கள். எழுபது ஆண்டுகளில் இருபது முறைக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அது வெளிவந்திருக்கிறது. போர்த்துக்கலின் சிவப்பு ஒயின்களில் தலையாயது என்ற பெயரை அது எடுத்தது.

பிறகு சொத்து பங்கு பங்காகப் பிரிந்தது. ஃபெரேரா கம்பெனி 1987-ல் வேறொரு பெரிய கம்பெனியின் கைக்குப் போயிற்று. பார்க்கா வெல்யாவும் அதோடு போயிற்று. அதற்கு இப்போது வேறு தோட்டத்துப் பழம். வெசூவியோவும் 1989-ல் கைமாறியது.

அந்தோணியா கடைசியாகக் கட்டிய வால்லே மியாவ்ம் மட்டும் குடும்பத்திலேயே நின்றது. அவருடைய பேரப்பிள்ளை வழி வந்த ஒருவர், உறவினரிடம் சிதறிக் கிடந்த பங்குகளையெல்லாம் ஒன்று சேர்த்தார். 1999-ம் ஆண்டு விளைச்சல் முதல் தோட்டத்தின் பெயரிலேயே சிவப்பு ஒயின் வருகிறது. அந்தோணியாவின் வம்சத்தார்தான் செய்கிறார்கள். கருங்கல் தொட்டியில் காலால் மிதிக்கும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை.

பொசின்யோ வரை ரயில் இன்றும் ஓடுகிறது. ஆற்றை ஒட்டியே போகும் வண்டி, வலேராவில் படகு கவிழ்ந்த இடத்துக்கு அருகே குகைக்குள் நுழைந்து வெளிவருகிறது. அணை கட்டிய பிறகு அங்கே சுழல் இல்லை. தண்ணீர் அசையாமல் நிற்கிறது. அதைத் தாண்டினால் வெசூவியோ என்ற பெயரிலேயே ஒரு சிறு ஸ்டேஷன்.